பழைய ஸ்டீரியோஸ்கோப்பைத் திருத்துறது எண்டா எதைத் திருத்துறது?

போன மாரிக்குப் பெரியம்மா வீட்டுக் கூரையால தண்ணி ஒழுகி அலுமாரி முழுக்க நனைஞ்சிட்டுது. எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டுக் காய வைக்கேக்க, அடித்தட்டில பழைய சேலைத்துண்டால சுத்தின ஒரு சாமான் கிடந்தது. கீழ மரப்பிடி, மேல ஒண்டரைச் சாண் நீளத்துக்கு ஒரு கட்டை, ஒரு நுனியில முகமூடி மாதிரி வளைஞ்ச தகடு, அதுக்குள்ள பக்கத்துப் பக்கத்தில ரெண்டு கண்ணாடி. கூடவே ஒரு பிஸ்கட் டின், அதுக்குள்ள 28 அட்டை, ஒவ்வொரு அட்டையிலயும் ஒரே படம் ரெண்டு தரம் ஒட்டியிருக்கு. "அது அப்பாட பூதக்கண்ணாடி, கவனம்" எண்டா பெரியம்மா. அம்மப்பா திருகோணமலை டொக்யாட்டில வேலை செய்தவர், 1957ல பிரிட்டிஷ்காரர் கடற்படைத் தளத்தை இலங்கையிட்டக் குடுத்திட்டுப் போகேக்க யாரோ ஒரு துரை இதை அவருக்குக் குடுத்திட்டுப் போனவராம்.

எனக்கு எதையும் கழட்டிப் பாக்காட்டி நித்திரை வராது. லென்ஸ் ரெண்டிலயும் பூஞ்சணம் பிடிச்சு மங்கிப் போயிருந்தது, கழட்டினன், கழுவினன், துடைச்சன், திருப்பிப் போட்டன். கண்ணாடி பளிச்செண்டு வந்திட்டுது. ஒரு அட்டையைக் கொழுவிப் பாத்தா ரெண்டு படம் ரெண்டு படமாவே நிக்குது, ஒண்டு சேருறதாக் காணேல்ல, ரெண்டு நிமிசத்தில கண்ணுக்குப் பின்னால இழுத்துப் பிடிச்ச மாதிரித் தலையிடி. கனடாவில இருக்கிற மச்சானுக்கு வீடியோ கோல்ல காட்டினன், அவன் "இஞ்ச நூதனசாலையில இப்பிடி ஒண்டைத் திருத்தி வாற சனம் எடுத்துப் பாக்கிற மாதிரி வச்சிருக்கிறாங்கடா, உன்னட்ட இருக்கிறது பழுது போல, தச்சனிட்டக் குடுத்து வார்னிஷ் அடிச்சு ஷோகேசில வை" எண்டான். பழுதாக்கினது நான்தான் எண்டு அப்ப எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் ஸ்டீரியோஸ்கோப் எண்ட இந்தச் சாமானைப் பற்றி இவ்வளவும் படிச்சன்.

முதல் விசயம், அட்டையில இருக்கிறது ஒரே படம் ரெண்டு தரம் இல்லை. வடிவாப் பாத்தா ரெண்டுக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும், இடப்பக்கப் படத்தில தூணுக்கும் மரத்துக்கும் நடுவில ஒரு விரல் இடைவெளி எண்டா வலப்பக்கப் படத்தில அது அரை விரலாக் குறைஞ்சிருக்கும். டச்பே கடற்கரையில போய் நிண்டு கையை நீட்டி பெருவிரலைத் தூக்கி, தூரத்தில தெரியிற ஒரு வள்ளத்துக்கு நேராப் பிடிச்சிட்டு, இடக்கண்ணை மூடுங்க, பிறகு வலக்கண்ணை மூடுங்க. வள்ளம் அசையாது, விரல் குதிக்கும். ரெண்டு கண்ணுக்கும் நடுவில கிட்டத்தட்ட ஆறரை சென்றிமீற்றர் இருக்கிறதால ஒவ்வொரு கண்ணும் உலகத்தைத் தன்ட இடத்தில இருந்து தனியாப் பாக்குது. அந்த ரெண்டு பார்வையும் ஒத்துப் போகாத அளவை வச்சுத்தான் மூளை இது கிட்ட, அது தூர எண்டு கணக்குப் போடுது. அப்ப ஒவ்வொரு கண்ணுக்கும் அதுக்குரிய படத்தை மட்டும் காட்டிட்டா, மட்டமான காகிதத்தைப் பாத்தும் மூளை அதே கணக்கைப் போடும், படம் எழும்பி நிக்கும். இந்தச் சாமான் செய்யிறது அவ்வளவு தான்.

இதைக் கண்டுபிடிச்சது போட்டோ எடுக்கிற ஆக்கள் எண்டு நான் நினைச்சிருந்தன், இல்லை. போட்டோ எண்டு ஒண்டு உலகத்துக்குத் தெரிய முதலே இது வந்திட்டுது. சார்ல்ஸ் வீட்ஸ்டன் எண்ட ஆங்கிலேய விஞ்ஞானி 1838ல லண்டன் ரோயல் சொசைட்டியில இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கேக்க அவர் காட்டினது கையால கீறின கோட்டுப் படங்கள். கனசதுரம், கூம்பு மாதிரி உருவங்களை இடக்கண்ணுக்கு ஒண்டு வலக்கண்ணுக்கு ஒண்டா கீறி, மூக்குக்கு முன்னால ரெண்டு முகம் பாக்கிற கண்ணாடியை எல் மாதிரி மடிச்சு வச்சு, படங்களை ரெண்டு பக்கப் பலகையிலயும் வச்சார். வேணுமெண்டே கோட்டுப் படம் வச்சவர், ஏனெண்டா நிழலோ நிறமோ இருந்தா "அதால தான் ஆழம் தெரியுது" எண்டு சொல்லிடுவாங்க. நிழலும் இல்லை நிறமும் இல்லை, ரெண்டு கண்ணின்ட வித்தியாசம் ஒண்டு மட்டும், அதுவே போதும் எண்டு காட்டினார். அடுத்த வருசம், 1839ல, பாரிஸில டகேரும் லண்டனில டல்பட்டும் போட்டோ முறையை வெளியில சொன்னாங்க. கையால கீறிக் கஷ்டப்பட்டதைக் கமரா, இலையின்ட நரம்பு வரைக்கும் விடாம, செய்து குடுத்தது. படம் பாக்கிற பெட்டி முதல்ல வந்து, படம் பிறகு வந்த கதை இது, எனக்கு இது சரியான பிடிச்சுது.

வீட்ஸ்டன்ட சாமான் மேசை அளவு, வீட்டில வச்சுப் பாக்க ஏலாது. 1849ல டேவிட் புரூஸ்டர் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டு லென்ஸ் வச்ச சின்னப் பெட்டி ஒண்டைச் சொன்னார், பாரிஸில டுபொஸ்க் எண்ட கருவி செய்யிறவர் அதைச் செய்து 1851 லண்டன் மகா கண்காட்சியில வைக்க, விக்டோரியா மகாராணி பாத்து ஆசைப்பட்டா எண்டு செய்தி பரவினதோட எல்லாருக்கும் அது வேணும் எண்டு வந்திட்டுது. 1854ல தொடங்கின லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கொம்பனி ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது எண்டு விளம்பரம் போட்டது. புரூஸ்டருக்கு வீட்ஸ்டனோட ஒரு தீராத கடுப்பு, முதல் கண்டுபிடிச்சது அவர் இல்லை எண்டு 1856ல பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை பிடிச்சிருக்கிறார். பெரிய மனுசர் எல்லாம் செய்யிற வேலை தான்.

அம்மப்பாட கையில இருந்தது இந்த ரெண்டு வகையும் இல்லை. அது மூண்டாவது, பொஸ்டனில டொக்டரா இருந்த ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861ல கட்டினது. ஹோம்ஸ் பெட்டியே தேவையில்லை எண்டு விட்டிட்டார். ஒரு கட்டை, முகத்துக்கு ஒரு மறைப்பு, ரெண்டு லென்ஸ், படத்தைக் கொழுவ ஒரு குறுக்குச் சட்டம், கீழ பிடி. அதை அவர் பேட்டன்ட் எடுக்கேல்ல, யார் வேணுமெண்டாலும் செய்யுங்க எண்டு விட்டார், அதால தான் மலிவா ஆயிரக்கணக்கில செய்து தள்ளினாங்க. இண்டைக்கு உலகத்தில எந்த அலுமாரியைத் திறந்தாலும் வாறது இந்த வகை தான். பேட்டன்ட் எடுத்திருந்தா திருகோணமலையில ஒரு டொக்யாட் கிளாக்கரிட்ட அது வந்து சேர்ந்திருக்குமோ எண்டு யோசிக்க வேண்டிய விசயம்.

இப்ப என்ட தலையிடிக்கு வாறன். படம் ஒட்டின அட்டை ஏழு அங்குல நீளம், மூண்டரை அங்குல உயரம், ரெண்டு படத்தின்ட நடுப்புள்ளிக்கும் இடையில கிட்டத்தட்ட எட்டு சென்றிமீற்றர். கண் ரெண்டுக்கும் இடையில ஆறரை. அப்ப சும்மா பாத்தா இடக்கண் இடப்பக்கம் விலகி, வலக்கண் வலப்பக்கம் விலகிப் பாக்கோணும், எங்கட கண் உள்ளுக்குச் சேரும், வெளியில விலகாது. அதுக்குத் தான் லென்ஸ் முழு வட்டமா இல்லாம பெரிய லென்ஸை நடுவால வெட்டின பாதி மாதிரி ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. தடிப்பான பக்கம் காதுப்பக்கம் இருக்கோணும், மெல்லிசு மூக்குப்பக்கம். அப்பிடி இருந்தா லென்ஸ் ஒரு பட்டகம் மாதிரியும் வேலை செய்து, ரெண்டு படத்தையும் நடுவுக்குத் தள்ளி ஒண்டில ஒண்டு விழப் பண்ணும். நான் கழுவிட்டு மாறிப் போட்டிட்டன், தடிப்பு மூக்குப்பக்கம் வந்திட்டுது. நடுவுக்குத் தள்ள வேண்டிய படத்தை அது இன்னும் வெளியில தள்ளிச்சுது, பாவம் கண் என்ன செய்யும். திருப்பிப் போட்ட உடன படம் ரெண்டும் வழுக்கிக் கொண்டு வந்து ஒண்டாப் பொருந்திச்சு, நயாகரா நீர்வீழ்ச்சி ஒண்டு, முன்னுக்கு நிண்ட கம்பி வேலி மூக்குக்கு முன்னால வந்து நிண்டுது. நான் வாய் விட்டுச் சிரிச்சன் எண்டு பெரியம்மா இப்பவும் சொல்லுறா. துடைக்கக் கழட்டுறவங்க கெடுக்கிற வழியள்ல இது ஒண்டு, அதால எவன் எதைக் கழட்டினாலும் முதல்ல போன்ல ஒரு படம் எடுத்து, லென்ஸ் விளிம்பில எது மேல எது வெளி எண்டு பென்சிலால குறிச்சிட்டுக் கழட்டுங்க.

கிட்டத்தில இருக்கிற வேலி எழும்பி நிக்குது, சரி, தூரத்து மலை? இதில ஒரு சிக்கல் இருக்கு. கண் இடைவெளி ஆறரை சென்றிமீற்றர் தானே, அதால சில நூறு மீற்றருக்கு அங்கால ரெண்டு கண்ணுக்கும் தெரியிறதில வித்தியாசமே இல்லை எண்டு ஆகிடும். உவர்மலையில நிண்டு உள்துறைமுகத்தைச் சாதாரண ரெட்டை லென்ஸ் கமராவால எடுத்தா, அந்தப்பக்கக் கரை சுவரில ஒட்டின போஸ்டர் மாதிரித் தான் வரும். அப்ப பழைய ஆக்கள் என்ன செய்தாங்க எண்டா, கண் இடைவெளியைக் கூட்டினாங்க. ஒரு இடத்தில ஒரு படம் எடுத்து, கமராவைத் தூக்கிக் கொண்டு பக்கவாட்டில நடந்து போய் இன்னொரு படம். போட்டோக்காரர் கைக்கணக்கு ஒண்டு இருக்கு, படத்தில வாற ஆகக் கிட்டின பொருள் எவ்வளவு தூரமோ அதை முப்பதால பிரி எண்டு. ரெண்டு மீற்றர் தள்ளி நிக்கிற ஆள் எண்டா கண் இடைவெளி சரி. 300 மீற்றர் தள்ளி நிக்கிற பாறை எண்டா 10 மீற்றர் நகரோணும்.

கோணேசர் கோயிலுக்குப் போறவங்களுக்குப் பாறையில பிளந்து கிடக்கிற ராவணன் வெட்டு தெரியும். பத்துத் தலைக்காரன், அவன் முதல் தலையின்ட இடக்கண்ணாலயும் பத்தாம் தலையின்ட வலக்கண்ணாலயும் சேத்துப் பாத்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசிங்க, அது தான் இந்த வேலை. தூரத்து மலையெல்லாம் திரண்டு எழும்பும், ஆனா எல்லாம் பொம்மை அளவாத் தெரியும், ஏனெண்டா மூளை தன்ட கண்ணை அகலமாக்கினதை நம்பாது, உலகத்தைத் தான் சின்னனாக்கும். இதை எல்லை வரைக்கும் கொண்டு போனவர் வாரன் டி லா ரூ எண்ட பிரிட்டிஷ் வானியலாளர். நிலா எங்களுக்கு எப்பவும் ஒரே முகத்தைக் காட்டினாலும் கொஞ்சம் தலையாட்டும், அந்த ஆட்டத்தின்ட ரெண்டு நிலையில வேற வேற நாளில படம் எடுத்துச் சோடி சேத்து 1858ல நிலாவைப் பந்தாக்கிக் காட்டிட்டார். ஆகாயத்தில இருந்து எடுக்கிறதும் இதே தான். பிளேன் பறந்து கொண்டே அடுத்தடுத்த படத்தில 60 வீதம் ஒண்டில ஒண்டு படுற மாதிரி எடுக்கும், ரெண்டு படத்தையும் ஸ்டீரியோஸ்கோப்பில வச்சா கட்டடமும் கப்பலும் உயரத்தோட நிக்கும். ரெண்டாம் உலகப் போரில ஆகாயப்படம் வாசிச்சவங்கட மேசையில இது இல்லாம வேலை நடக்காது. 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான் பிளேன்கள் எங்கட துறைமுகத்தில குண்டு போட்ட கதையைச் சின்னனில இருந்து கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்க, அந்தப் போரில மேல இருந்து பாத்த கண்ணும் இப்பிடியான ரெண்டு கண் தான் எண்டது எனக்கு இப்ப தான் விளங்கிச்சு. போர் முடிஞ்ச பிறகு நிலஅளவைக்காரர் ஆகாயப்படத்தில இருந்து மலையும் குளமும் கீறின சாமானும் வீட்ஸ்டன்ட கண்ணாடி வச்ச வகை தான், லென்ஸ் வகை வந்து அதைத் தோற்கடிச்சிட்டுது எண்டு நினைச்சா அது ஒப்பீஸ் மேசையில நூறு வருசத்துக்கு மேல உயிரோட இருந்திருக்கு.

டின்னுக்குள்ள இருந்த 28 அட்டையில எகிப்து, சுவிஸ் மலை, நயாகரா எல்லாம் போக மூண்டு தான் இலங்கை. திருகோணமலை ஒண்டும் இல்லை. அமெரிக்காவில அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், கீஸ்டோன் வியூ எண்டு ரெண்டு பெரிய கொம்பனி இருந்தது, உலகம் முழுக்கக் கமராக்காரரை அனுப்பி, ஊர் ஊராப் பெட்டி போட்டு, கோடை லீவில கல்லூரிப் பெடியங்களை வச்சு வீடு வீடா வித்தாங்க. அண்டர்வுட் 1901 அளவில ஒரு நாளைக்கு 25,000 அட்டை செய்து கொண்டிருந்தது. சிலோனும் அந்த வியாபாரத்தில ஒரு சரக்கு. தேயிலைத் தோட்டம், யானை, கட்டுமரம்.

எங்கட டின்னில இருக்கிற மூண்டில ஒண்டு தேயிலை பறிக்கிற பெண்கள். சாதாரணமாப் பாத்தா அது தோட்டத்துப் படம், பெண்கள் ஒரு ஓரத்தில நிக்கிறாங்க. கருவிக்குள்ள வச்சுப் பாத்தா தான் அவங்களை ஏன் அந்த இடத்தில நிப்பாட்டியிருக்கு எண்டு விளங்குது. ஸ்டீரியோ படத்துக்கு முன்னுக்கு ஒரு பொருள் வேணும், முன்னுக்கு ஒண்டும் இல்லாட்டி பின்னுக்கு எவ்வளவு மலை இருந்தாலும் ஆழம் தெரியாது. மரக்கொப்பு கிடைச்சா மரக்கொப்பு, இல்லாட்டி ஆள். கமராவுக்கு ஏழெட்டு அடியில ஒரு பிள்ளையைக் கூடையோட நிப்பாட்டினா மலை பின்னுக்குப் போகும், வேலை முடிஞ்சுது. அட்டைக்குக் கீழ தோட்டத்தைப் பற்றி அச்சடிச்சிருக்கு, அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை. ஆனா விளையாட்டைப் பாருங்க, எங்கட கண் முதல் போய் விழுறது அந்தப் பிள்ளையில தான், அவள்ட கை ரேகை மாதிரி வெடிச்ச விரல், கூடைக் கயிறு நெத்தியில பதிஞ்சிருக்கிற விதம், எல்லாம் கையெட்டுற தூரத்தில. அளவுகோலா வச்ச ஆள் தான் படத்தில மிச்சமிருக்கிற ஒரே உயிர். இந்த அட்டையை ஷோகேசில மட்டமா விரிச்சு வச்சா இது தெரியவே தெரியாது. நூதனசாலையள் அட்டையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளயும் கருவியை இன்னொண்டுக்குள்ளயும் வச்சு, தொடாதீர்கள் எண்டு போர்டு போடுறது எனக்கு ஒரு வகையில வீணையைச் சுவரில மாட்டின மாதிரி.

அதால திருத்துறது எண்டா என்ன எண்ட கேள்விக்கு என்ட பதில், சாமான் புதுசு மாதிரி மினுங்கிறது இல்லை, ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் சரியாப் போய்ச் சேருறது. போலந்தில வார்சோ நகரத்தில 1905ல இருந்து ஒரு படப்பெட்டி ஓடுது, பெரிய மர உருளை, அதைச் சுத்திக் கதிரை, ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால ரெண்டு கண் ஓட்டை, உள்ளுக்குப் படம் நகரும். பெர்லினில ஓகஸ்ட் ஃபூர்மன் 1880களில நடத்தின கெய்சர் பனோரமாவும் அதே மாதிரி, 25 பேர் ஒரே நேரம் இருந்து பாக்கலாம், படம் மாறப் போகுது எண்டா மணி அடிக்கும். வார்சோவில இப்பவும் சனம் போய்க் கதிரையில இருக்குது. பழசைக் காப்பாத்துறது எண்டா இப்பிடி.

கையில பிடிக்கிற சின்னச் சாமானுக்கு வேற பிரச்சினை, அது கையால தேயும். பக்கத்துத் தெரு ஓடாவி நல்ல மனுசன், வள்ளமும் செய்வார் அலுமாரியும் செய்வார், பாத்த உடன "தம்பி, சேண்ட் பேப்பர் போட்டு ஒரு கோட் அடிச்சா புதுசாக்கித் தாறன்" எண்டார். நான் வேண்டாம் எண்டிட்டன். பிடி கைபட்டுக் கறுத்திருக்கிறது அழுக்கு இல்லை, அது அம்மப்பாட கையும் அவருக்கு முன்னால பிடிச்ச கையும். இன்னொண்டு, இந்தக் காலத்து மரச் சாமானுக்குப் பூசினது ஷெல்லாக், அது அரக்கு, ஸ்பிரிட்டில கரையும். துணியில ஸ்பிரிட் நனைச்சுத் துடைச்சா அழுக்கோட பூச்சும் சேந்து வரும். கொரோனா காலத்தில எல்லா வாசலிலயும் வச்ச சானிடைசர் தெரியும் தானே, அதைக் கையில பூசிட்டு ஈரத்தோட பிடிக்கிற ஒவ்வொரு ஆளும் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கிறார். மூட்டுகளை அந்தக் காலம் ஒட்டினது மாட்டுத்தோல் எலும்பு காச்சின வச்சிரத்தால, ஈரத்துக்கு இளகும், மாரி காலத்தில எங்கட ஊரில எல்லாமே இளகும். இளகினா அதே வச்சிரத்தால ஒட்டினா போதும், பிறகு யாரும் சூடும் ஈரமும் காட்டித் திருப்பிக் கழட்டலாம். சூப்பர் க்ளூ போட்டா அது கடைசி ஒட்டு, அடுத்த தரம் மரம் உடையும், ஒட்டு உடையாது. முகத் தகடு அலுமினியம், 1886ல மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கிற முறை வந்து விலை விழுந்த பிறகு தான் இப்பிடிச் சாமானுக்கெல்லாம் அது வந்தது, அதில பூக்கோலம் மெல்லிசாக் கொத்தியிருக்கும், பித்தளை மாதிரித் தேய்ச்சா கோலம் போயிடும். தகட்டு விளிம்பில இருந்த வெல்வெட் துணி எங்கட சாமானில பூச்சி திண்டு போச்சு. அதை மட்டும் புதுசாப் போட்டன், வேற நிறத்தில, புதுசு எண்டு தெரியட்டும் எண்டு. லென்ஸுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி, ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணி, மெல்லிய பருத்தித் துணி. பூஞ்சணம் கன நாள் இருந்தா கண்ணாடியையே அரிச்சிருக்கும், அது போகாது, விட்டிடுங்க.

அட்டை தான் கருவியை விடப் பாவப்பட்டது. பழைய படங்களில கனக்க முட்டை வெள்ளைக்கரு பூசின தாளில அச்சடிச்சது. ஜேர்மனியில டிரெஸ்டன் நகரத்து ஒரே ஒரு தாள் கொம்பனி 1888ல அறுபது லட்சம் முட்டைக்கு மேல உடைச்சிருக்கு, மஞ்சள்கருவை என்ன செய்தாங்களோ தெரியாது, கேக் போட்டிருப்பாங்க. அந்தத் தாள் வெளிச்சத்தில மங்கும், ஈரத்தில மஞ்சளாகும். நூதனசாலைகள் இப்பிடியான காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் தான் காட்டும், அது மங்கலான அறை, எங்கட வெளி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆனா ஸ்டீரியோஸ்கோப்பில பாக்க நல்ல வெளிச்சம் வேணும். ரெண்டும் சேராது. அதால உண்மையான அட்டை லாச்சிக்குள்ள படுக்கட்டும், கருவியில பிரதி கொழுவட்டும். எல்லாரும் எடுத்துப் பாக்கிற கருவியும் பிரதியா இருந்தா இன்னும் நல்லம், ஹோம்ஸ் பேட்டன்ட் எடுக்காம விட்டது எங்கட ஓடாவிக்கும் சேத்துத் தானே, அவர் ஒரு கிழமையில பத்துச் செய்வார். அசலைப் பக்கத்தில கண்ணாடிக்குள்ள வையுங்க, கறுத்த பிடியோட.

பிரதி எடுக்கிறதிலயும் பிழை விட இடம் இருக்கு. வடிவா இருக்கட்டும் எண்டு படத்தைப் பெருப்பிச்சு அச்சடிச்சா நடுப்புள்ளிகள் விலகும், லென்ஸால சேக்க ஏலாது, என்ட தலையிடி எல்லாருக்கும் வரும். அளவுக்கு அளவு அச்சடிக்கோணும். ரெண்டு பாதியையும் தனித்தனியா ஸ்கான் பண்ணி ஒட்டேக்க இடம் வலம் மாறினா இன்னும் மோசம், பள்ளம் மேடாகும் மேடு பள்ளமாகும், பாறைக்கு உள்ளால கடல் வந்து நிக்கும். இது அந்தக் காலத்துப் பிழையும் தான், ரெட்டை லென்ஸ் கமராவில விழுற படம் தலைகீழா விழும், நிமித்தினா இடம் வலம் மாறிடும், அதால வெட்டி மாத்தி ஒட்டோணும், ஒட்டுறவர் மறந்தா மறந்தது தான். ஒரு பக்கம் ஒரு மில்லிமீற்றர் ரெண்டு மில்லிமீற்றர் மேல கீழ போனாலும் கண் கஷ்டப்படும். அட்டை உள்ளுக்குக் கொஞ்சம் வளைஞ்சிருக்கிறதைப் பாத்து ஈரத்தில கோணினது எண்டு நினைச்சு பாரம் வச்சு நேராக்க வெளிக்கிட்டன், நல்ல காலம் முதல்ல வாசிச்சன், பிந்தின காலத்து அட்டைகளை வளைச்சே தான் செய்தாங்க.

டவுனில பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில கடல்சார் நூதனசாலை இருக்குத்தானே, பள்ளிக்கூடப் பஸ் வந்து நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு பாத்தவங்களுக்குத் தெரியும், நாப்பது பிள்ளை, ஒரு ரீச்சர், ஒவ்வொருத்தருக்கும் பத்து நொடி. இப்பிடியான இடத்தில ஒரு படப்பெட்டி வைக்கிறது எண்டா கன பேர் செய்யிறது படச் சட்டத்தை ஒரே இடத்தில இறுக்கி ஆணி அடிக்கிறது, உடையக் கூடாது எண்டு. அது தான் கூடாது. கண்ணாடி போடுற ஆளுக்கும் போடாத ஆளுக்கும், பத்து வயசுக்கும் அறுவதுக்கும் படம் தெளியிற தூரம் வேற, சட்டத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பிடிக்க ஏலாட்டி பாதிப் பேருக்கு மங்கல் தான். தாங்கி ஒண்டில வச்சு, சின்னப் பிள்ளைக்கு ஒரு உயரம், சக்கரக் கதிரையில வாறவருக்கு ஒரு உயரம், சட்டம் மட்டும் அசையட்டும்.

இன்னொரு சங்கதி இருக்கு. சில பேருக்கு இது வேலையே செய்யாது. வாக்குக்கண் உள்ளவங்க, சின்னனில ஒரு கண் சோம்பேறியாப் போனவங்க, ஒரு கண்ணில பார்வை குறைஞ்சவங்க. பெரியம்மாட்டக் குடுத்தன், கன நேரம் பாத்தா, "படம் வடிவாத் தான் கிடக்கு, நீ சொல்லுற மாதிரி ஒண்டும் எழும்பேல்லயே" எண்டா. ஒரு கண்ணில புரை, இன்னும் ஒப்பரேசன் செய்யேல்ல. நான் முதல்ல சட்டத்தைத் தள்ளிப் பாருங்க, தள்ளிப் பாருங்க எண்டு கரைச்சல் குடுத்தன், அவ பிறகு எழும்புது எண்டு பொய் சொன்னா. நூதனசாலையில இப்பிடிப் பொய் சொல்லிட்டுப் போறவங்க எத்தினை பேர். இவங்களுக்கு ஒரு வழி இருக்கு, நியூயோர்க் பொது நூலகம் 2012ல பழைய சோடிப் படங்களை ஒண்டு மாத்தி ஒண்டு கெதியா ஆடவிட்டு ஸ்கிறீனில காட்டிச்சு, ஒரு கண்ணாலயே ஆழம் தெரியும், தலையை ஆட்டிப் பாக்கிற மாதிரி. போன்ல அப்பிடி ஒண்டு செய்து பெரியம்மாட்டக் காட்டினன். தேயிலைப் பிள்ளை ஆடுறதைப் பாத்திட்டு "இந்தப் பிள்ளைக்குக் குளிருது போல" எண்டா.

இந்தப் பெட்டிக்குள்ள எங்கட ஊரும் ஒண்டு இருக்கட்டும் எண்டு போன கிழமை பிறட்ரிக் கோட்டைக்குள்ள போனன். சுவாமிமலைப் பக்கம் நோக்கிப் போனைப் பிடிச்சு, இடக்காலில பாரத்தைப் போட்டு ஒரு படம், வலக்காலில பாரத்தைப் போட்டு இன்னொரு படம், நடுவில கிட்டத்தட்ட கண் இடைவெளி. முன்னுக்கு ஒரு பொருள் வேணுமே, வேப்பமரத்துக்குக் கீழ ஒரு புள்ளிமான் நிண்டுது, அதை வச்சன். ஸ்டூடியோவில அளவு சொல்லி அச்சடிச்சு, அட்டையில ஒட்டி, வளைச்சு, கொழுவிப் பாத்தன். கோட்டைச் சுவர் ஒரு அடுக்கு, வேப்பமரம் ஒரு அடுக்கு, பின்னுக்கு வானம், எல்லாம் அந்த அந்த இடத்தில. மான் மட்டும் முதல் படத்துக்கும் ரெண்டாம் படத்துக்கும் இடையில நடந்து போயிட்டுது. இடக்கண்ணுக்கு மான் இருக்கு, வலக்கண்ணுக்கு வெறும் புல்லு. மூளைக்கு எதை நம்புறது எண்டு தெரியாம மான் மினுங்கி மினுங்கி வருது, போகுது, புல்லு தெரியுது, திரும்பவும் மான்.